கத்திரி வெயில்ல ஆரோவில் பொட்டானிக்கல் கார்டன் போகலாமா? தாராளமா போகலாம்

முதல்லயே சொல்லிடறேன், கலர் கலரா பூ, பெரிய புல்வெளி, நடுவுல ஃபவுண்டைன், செல்ஃபி பாயிண்ட்னு எதிர்பார்த்துட்டு போறவங்களுக்கான இடம் இது இல்ல, அதுக்கு ஊட்டி இருக்கு. ஆனா நம்ம கிழக்கு கடற்கரை ஓரத்துல ஒரு காலத்துல இயற்கையா எந்த மாதிரி காடு இருந்துச்சு, அந்த மரங்க எல்லாம் கிட்டக்க பாத்தா எப்படி இருக்கும், சொட்டு மழை இல்லாத மே மாசத்துல அது மட்டும் எப்படி பச்சைப் பசேல்னு நிக்குதுன்னு கண்ணால பாக்கணும்னா எனக்கு தெரிஞ்சு இதைவிட நல்ல இடம் இந்த பக்கத்துல இல்ல. அதுவும் வெயில் காலத்துல தான் போகணும்னு அடிச்சு சொல்லுவேன். மழைக்காலத்துல எல்லா செடியும் பச்சையா தான் இருக்கும், அப்ப போனா எது உண்மையிலயே தாக்குப்பிடிக்கிற மரம்னு வித்தியாசம் தெரியாது.

பேர்ல ஒரு சின்ன குழப்பம் இருக்கு, அதை தெளிவாக்கிடறேன். பாண்டிச்சேரில இறங்கி ஆட்டோ அண்ணன்கிட்ட "பொட்டானிக்கல் கார்டன்"னு சொன்னீங்கன்னா அவர் நேரா டவுனுக்குள்ள பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற சர்க்கார் தாவரவியல் பூங்காவுக்கு தான் கூட்டிட்டு போவார். அது 1826ல பிரெஞ்சுக்காரங்க காலத்துல ஆரம்பிச்சது, பெரோத்தேன்னு ஒரு தாவரவியல் ஆள் வெளிநாட்டு மரம் எல்லாம் கொண்டு வந்து வெச்சு வளர்த்த இடம், அது வேற ரகம், அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதணும். நான் சொல்றது ஊருக்கு வெளிய, ஆரோவில் பக்கம், 2000ல ஆரம்பிச்ச ஆரோவில் பொட்டானிக்கல் கார்டன்ஸ். திண்டிவனம் ஹைவேல சென்னைல இருந்து வர்றவங்க மொரட்டாண்டி டோல்கேட் பக்கத்துல இருந்து ஆரோவில் போற பக்கம் உள்ள திரும்பணும், மேப்புல முழு பேரையும் போட்டுக்கோங்க, வெறும் "பொட்டானிக்கல் கார்டன்"னு போட்டா டவுனுக்கு தான் வழி காட்டும்.

நாங்க போனது கத்திரி முடியற சமயம். நான், என் வீட்டுக்காரர், பையன், கூட என் மாமியார். மாமியாருக்கு சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம், வெயிலுக்கு எல்லாம் அசர்ற ஆள் இல்ல, ஆனாலும் முட்டி வலி இருக்கு, அதனால உள்ள எவ்ளோ தூரம் நடக்கணுமோன்னு எனக்கு ஒரு யோசனை இருந்துச்சு. மொத்தம் 50 ஏக்கர் தான், பெரிய கார்டன்னு சொல்ல முடியாது, பாதை எல்லாம் மண் பாதை, பெரும்பாலும் சமதரை, மெதுவா நடந்தா வயசானவங்களும் சுத்தி வரலாம். வீல்சேர் எல்லா இடத்துலயும் சுலபமா போகாதுன்னு தான் நினைக்கிறேன், செம்மண் பாதை அப்படி. காலைல திறந்த உடனே உள்ள போயிடுங்க. பதினோரு மணிக்கு மேல திறந்தவெளி பகுதில நிக்க முடியாது, கடல் சில கிலோமீட்டர் தூரத்துல தான் இருக்குன்னாலும் கத்திரில மேல்காத்து பலமா அடிக்கிற நாள்ல கடல்காத்து உள்ள வர்றதுக்கு மத்தியானம் தாண்டிடும், அதுவரைக்கும் அனல் தான். மரத்துக்கு அடில மட்டும் கதையே வேற, அதுக்கு அப்புறம் வரேன்.

உள்ள போனதும் முதல்ல கண்ணுல படறது மண்ணு. செங்கல் பொடி மாதிரி சிவப்பு. இந்த மேட்டு நிலம் முழுக்க இப்படித் தான், 1968ல ஆரோவில் ஆரம்பிச்சப்ப எடுத்த பழைய போட்டோ எல்லாம் பாத்திருப்பீங்க, ஒரு ஆலமரம், அங்கங்க பனை, மத்தபடி வெறும் சிவப்பு பொட்டல், மழை பேஞ்சா மண்ணு அப்படியே அடிச்சுட்டு போய் கடல்ல கலந்து ஆழமான ஓடை ஓடையா அறுத்துப் போட்டிருக்கும். காடு இருந்த இடம் தான், மக்கள் விறகுக்கு வெட்டி, கட்டடத்துக்கு வெட்டி, ஆடு மாடு மேய்ச்சு, கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. முதல்ல வரப்பு போட்டு தண்ணிய நிறுத்தி, அப்புறம் தான் மரம் வெச்சாங்க. ஆரம்பத்துல சீக்கிரம் நிழல் வேணும்னு ஆஸ்திரேலியால இருந்து வந்த ஒரு வகை அக்கேசியா மரத்தை நிறைய வெச்சாங்க, அது கிடுகிடுன்னு வளர்ந்து மண்ணை காப்பாத்துச்சு, அதை குறை சொல்லவே முடியாது. ஆனா 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல கரை கடந்துச்சே, அதுல அந்த அக்கேசியா தான் கொத்துக் கொத்தா சாஞ்சுது, நம்ம நாட்டு மரங்க அதைவிட நல்லாவே நின்னுச்சு. நிக்காம என்ன செய்யும், வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகைல புயல் வர்ற கடற்கரைலயே பிறந்து வளர்ந்த மரம்.

இந்த கார்டனோட உயிர்நாடியே அந்த நாட்டு மரங்க தான். பாதி இடம், 25 ஏக்கர், முழுக்க ஆர்போரீட்டம், அதாவது மரங்களை வகை வகையா வெச்சு வளர்த்திருக்கிற பகுதி, 250க்கும் மேற்பட்ட வகை இருக்கு. நம்ம நாட்டுல விசாகப்பட்டினத்துல இருந்து ராமநாதபுரம் வரைக்கும் கடற்கரையை ஒட்டின மாதிரி ஒரு பட்டைல மட்டும் இருக்கிற காடு இது, வெப்பமண்டல உலர் பசுமைக்காடுன்னு சொல்றாங்க. மழை பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழில வந்துடும், அப்புறம் அரை வருஷம் பக்கம் வறட்சி, ஆனா இலை உதிர்க்காது. உயரமும் பெருசா இருக்காது, அடர்த்தியா, கிளையும் கொடியும் பின்னிக்கிட்டு இருக்கும். இப்ப இயற்கையா மிச்சம் இருக்கிறது கோயில் காடுகள்லயும் கோடியக்கரை, கிண்டி, ஸ்ரீஹரிகோட்டா மாதிரி சில இடத்துலயும் தான். சாமி காடு, வெட்டக்கூடாதுன்னு பயந்து விட்டு வெச்சதால தப்பிச்சது நிறைய.

அந்த மரங்களுக்கு நடுவுல போனோம். வெளிய கண்ணு கூசற வெயில், உள்ள ஒரு பத்தடி போனதுமே வெளிச்சம் குறைஞ்சு காத்தோட சூடே மாறுது, என் வீட்டுக்காரர் தொப்பியை கழட்டி கைல வெச்சுக்கிட்டார். கொஞ்ச தூரம் போனதும் அத்தை நின்னுட்டாங்க. ஒரு மரத்தை அண்ணாந்து பாத்துட்டு, குனிஞ்சு கீழ கிடந்த ஒரு இலையை எடுத்து கைல தேய்ச்சு, "ஏம்மா, இது பாலை தானே?"ன்னு கேட்டாங்க. எனக்கு தெரியல. போர்டை தேடிப் போய் பாத்தா பாலையே தான். அதுக்கு அப்புறம் அவங்களுக்கு முட்டி வலி எல்லாம் மறந்து போச்சு. கோடியக்கரை காட்டுல இந்த பழம் பறிச்சுட்டு வந்து வேதாரண்யத்துல விப்பாங்களாம், வைகாசி ஆனிக்கு தான் சீசன், சின்ன வயசுல படி கணக்குல வாங்கி திண்ணைல உக்காந்து தின்னுருக்காங்க. "அப்பாயி, அது இனிப்பா இருக்குமா?"ன்னு பையன் கேக்க, "இனிக்கும்டா தங்கம், ஆனா ரொம்ப தின்னா உதடு ஒட்டிக்கும், பால் இருக்குல்ல, அப்புறம் கொஞ்சம் எண்ணெய் தடவித் தான் எடுக்கணும்"னாங்க. கீழ காஞ்சு போன ரெண்டு மூணு பழம் கிடந்துச்சு, வேப்பம்பழம் அளவு, மஞ்சள், அதை தோல் பிரிச்சு விதையை காட்டினாங்க, பளபளன்னு பாலிஷ் போட்ட மாதிரி பழுப்பு விதை.

பாலை இலையை நீங்களும் ஒண்ணு கைல எடுத்து பாருங்க, கீழ விழுந்ததை எடுங்க, மரத்துல இருந்து பறிக்காதீங்க. நல்ல தடிமன், மேல்பக்கம் கரும்பச்சையா வழவழன்னு மெழுகு பூசின மாதிரி, அடிப்பக்கம் வெளுத்திருக்கும், இலை நுனில கூர் இருக்காது, நடுவுல லேசா உள்வாங்கி ஒரு சின்ன வெட்டு விழுந்த மாதிரி இருக்கும், அது தான் அடையாளம். பட்டை கருப்பு, ஆழமா வெடிச்சு வெடிச்சு இருக்கும். இந்த இலை ஏன் மே மாசத்துலயும் வாடலன்னா அந்த தடிமனும் மெழுகும் தான், உள்ள இருக்கிற தண்ணி வெளிய போக விடறதில்ல, அது போக வேர் ஆழமா போய் ஐப்பசி மழைத் தண்ணிய பிடிச்சு வெச்சுக்கும். மரம் ரொம்ப மெதுவா தான் வளரும், அதனால தான் கட்டை அவ்ளோ கனம், தண்ணில போட்டா முழுகிடும், அந்த காலத்துல உலக்கைக்கும் செக்குக்கும் இதை தேடித் தேடி வெட்டினாங்க. இன்னொரு விஷயம், நாம சாப்பிடற சப்போட்டா ஒட்டுக்கன்னுக்கு அடில வேர்ச்செடியா வெக்கிறது இந்த பாலை தான், ரெண்டும் ஒரே குடும்பம், நம்ம வறட்சியைத் தாங்கற வேரை பாலை குடுக்குது, பழத்தை சப்போட்டா குடுக்குது. வீட்ல சப்போட்டா மரம் வெச்சிருக்கிற நிறைய பேருக்கு அடில இருக்கிறது பாலைன்னு தெரியவே தெரியாது.

இலங்கைல வன்னிப் பக்கம் காட்டுலயும் இதே பாலை, வீரை, கருங்காலி தான். யாழ்ப்பாணத்து ஆளுங்க பாலைப்பழம், வீரைப்பழம்னு சொன்னா கண்ணு மின்னும், அவங்க யாராச்சும் பாண்டி வந்தா கண்டிப்பா கூட்டிட்டு போங்க, ஊர் மரத்தை இங்க பாக்கலாம்.

வீரையை பத்தி சொல்லணும்னா அதோட அடிமரத்தை பாக்கணும். உருண்டையா இருக்காது, முறுக்கி பிழிஞ்ச மாதிரி வரிவரியா பள்ளம் விழுந்து, அங்கங்க பொந்து வெச்சு இருக்கும், வயசு ஆக ஆக அந்த பள்ளம் ஆழமாகும். இங்க இருக்கிறது இன்னும் சின்ன வயசு மரங்க, கோயில் காட்டுல இருக்கிற கிழட்டு வீரையோட உருவம் இதுக்கு வர்றதுக்கு நம்ம பேரன் பேத்தி காலம் ஆகும். காயா மரம் பூ முடியற சமயமா இருந்துச்சு, ஒரு சில கிளைல மட்டும் மிச்சம், கிளை நுனில இல்லாம கட்டைலயே ஒட்டிக்கிட்டு கொத்துக் கொத்தா கருநீலமா பூக்கும், பெருமாளை காயாம்பூ வண்ணன்னு பாடறது இந்த நிறத்தை வெச்சு தான். பாட்டுல ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், மரத்துல பாக்கறது வேற அனுபவம், அத்தை கையெடுத்து கும்பிட்டுக்கிட்டாங்க. பங்குனி சித்திரைல போனா இன்னும் நிறைய பூ கிடைக்கும்னு நினைக்கிறேன்.

சுளுந்துன்னு ஒண்ணு, வெள்ளைப்பூ, நல்ல வாசம், இதோட குச்சி பச்சையா இருக்கும்போதே பத்தி எரியும், டார்ச் லைட் இல்லாத காலத்துல ராத்திரி நடக்கிறவங்க கைல இது தான். எட்டி மரம் இருக்கு, "எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்ன"ன்னு சொல்ற அதே எட்டி, கடும் விஷம், பிள்ளைங்களை கூட்டிட்டு போறவங்க எந்த காயையும் பழத்தையும் வாய்ல வெக்க விடாதீங்க, பாலைப்பழம்னு நினைச்சு வேற எதையாச்சும் எடுத்துடப் போறாங்க. கருங்காலி நிக்குது, இப்ப ஊர்ல பாதி பேர் கழுத்துல கருங்காலி மாலை போட்டிருக்காங்க, ஒரு தடவை வந்து மரத்தை பாத்துட்டு போனா நல்லா இருக்கும், வெளிக்கட்டை வெளுப்பா தான் இருக்கும், உள்ள வைரம் பாஞ்சு கருப்பாகறதுக்கு எத்தனையோ வருஷம் ஆகும், அந்த பொறுமை தான் அந்த மரத்தோட விலை. காட்டு எலுமிச்சை இலையை லேசா கசக்கினா எலுமிச்சை வாசம் வருது, வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கிற செடி, பையன் இலைக்கு அடில எல்லாம் தேடினான், வெயில்ல பூச்சி கம்மி, மழை தொட்டதும் வந்தா நிறைய இருக்கும். சரக்கொன்றை மஞ்சளா தொங்குது, போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு மே மாசத்துல அது ஒண்ணு போதும். நுணாவும் பூத்திருந்துச்சு. எங்கயோ உச்சில உக்காந்து குக்குறுவான் பறவை "டொங், டொங், டொங்"னு நிறுத்தாம தட்டிக்கிட்டே இருந்துச்சு, ஆள் மட்டும் கண்ணுல படவே இல்ல.

கள்ளித் தோட்டம் தனியா இருக்கு, அங்க நிழல் இல்ல, அதனால இதை முதல்ல பாத்துட்டு அப்புறம் மரப்பகுதிக்கு போங்க, நாங்க நல்லவேளை அப்படித் தான் போனோம். பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்க ஒரு விஷயம், அமெரிக்கால இருந்து வந்த கேக்டஸும் நம்ம ஊர் சதுரக்கள்ளியும் பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும், ஆனா நம்ம கள்ளில பால் வரும், கேக்டஸ்ல பெரும்பாலும் வராது, கேக்டஸ்ல முள்ளு ஒரு சின்ன பஞ்சு மெத்தை மாதிரி இடத்துல இருந்து கொத்தா கிளம்பும். வெட்டிப் பாக்க வேண்டாம், முள்ளை மட்டும் பாத்தாலே கண்டுபிடிச்சுடலாம், என் பையன் ஒவ்வொண்ணா பாத்து "இது நம்மது, இது வெளியூர்"னு சொல்லிக்கிட்டே வந்தான். செடி வேலியால வளைஞ்சு வளைஞ்சு வழி கண்டுபிடிக்கிற மேஸ் ஒண்ணு இருக்கு, சின்ன பசங்களுக்கு அது தான் பிடிக்கும், ஆனா மொட்டை வெயில்ல ஓட விடாதீங்க, காலைல விட்டுடுங்க. ஒரு விஷயம் மனசு கஷ்டமா இருந்துச்சு, யாரோ வந்தவங்க தடிமனான ஒரு இலைல பேர் செதுக்கி வெச்சிருக்காங்க. அந்த செடி அந்த இலையை வருஷக்கணக்கா சுமக்கும், தழும்பு ஆறாது. தயவு செஞ்சு யாரும் அப்படி செய்யாதீங்க.

இப்ப நான் ஏன் இதுக்கு இவ்ளோ எழுதறேன்னா, எங்க அபார்ட்மெண்ட்ல லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்ட் எடுத்தவங்க சுத்தியும் கோனோகார்பஸ்னு ஒரு வெளிநாட்டு மரம், நடுவுல புல்லு, வரிசையா வெளிநாட்டு பனைன்னு வெச்சுட்டு போனாங்க, இப்ப மே மாசம் வந்தா குடிக்கவே டேங்கர் லாரி தண்ணி வாங்கற நிலைமைல அந்த புல்லுக்கு வேற ஊத்தறோம், மீட்டிங்ல பேசினா "வேற என்ன மேடம் இந்த வெயில்ல பச்சையா நிக்கும்"னு கேக்கறாங்க. என்ன நிக்கும்னு இங்க வந்து பாருங்க. நம்ம சென்னையும் இதே கடற்கரை தான், இதே மழை தான், இந்த காடு சென்னைலயே கிண்டில இருக்கு. பாலை, காயா, வீரை, சுளுந்து, காட்டு எலுமிச்சை எல்லாம் நம்ம மண்ணுல வேர் பிடிச்சுட்டா அப்புறம் தண்ணி ஊத்த வேண்டியதே இல்ல. வேலியா வளர்க்க களா இருக்கு, முள்ளு இருக்கு, பாதுகாப்பு, கருப்பு கருப்பா பழம் வேற, குருவிங்க தேடி வரும்.

அங்க கன்னுங்களுக்கு தண்ணி விட்டுக்கிட்டு இருந்த ஒரு அக்காகிட்ட கேட்டேன், பக்கத்து ஊர்க்காரங்க போல. "எத்தனை வருஷம்க்கா ஊத்தணும்?"னு கேட்டதுக்கு, "மூணு வருசம் கோடைல தண்ணி காட்டணும்மா, அப்பால அதுவே பாத்துக்கும். இன்னா ஒண்ணு, சீக்கிரம் வளரலியேன்னு பிடுங்கிப் போட்ற கூடாது, முதல்ல அது கீழ தான் வளரும்"னாங்க. வேர் கீழ போயிட்டு அப்புறம் தான் தண்டு மேல வரும்ங்கிறதை இதைவிட சுருக்கமா யாரும் சொல்ல முடியாது. நாட்டு மரக்கன்னு வளர்க்கிற நர்சரி அங்கயே இருக்கு, என்ன கன்னு கைவசம் இருக்குன்னு கேட்டுப் பாருங்க, எல்லாமே எல்லா சமயமும் கிடைக்காது. மே மாசம் வாங்கினீங்கன்னா உடனே மண்ணுல வெக்காதீங்க, நிழல்ல வெச்சு தண்ணி ஊத்தி புரட்டாசி கடைசி வரைக்கும் பையிலயே காப்பாத்தி, முதல் நல்ல மழை பேஞ்சதும் நடுங்க, வடகிழக்கு பருவமழை மூணு மாசம் அதுக்கு இலவசமா தண்ணி விடும். அடில காஞ்ச இலையை நல்லா தடிமனா பரப்பி விடுங்க, அந்த காட்டுலயும் தரை அப்படித் தான் இருந்துச்சு, கால் வெச்சா சருகு சத்தம், கையால விலக்கிப் பாத்தா வெளிய மண்ணு பாறை மாதிரி வெடிச்சிருக்கிற மே மாசத்துல அடி மண்ணு கைக்கு லேசா சில்லுன்னு இருந்துச்சு. என் பையன் ரெண்டு கையையும் அதுக்குள்ள விட்டுட்டு எடுக்கவே மாட்டேன்னுட்டான்.

போறவங்களுக்கு சில நடைமுறை விஷயம். தண்ணி ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் கண்டிப்பா, சாப்பாட்டை உள்ள எதிர்பார்த்துட்டு போகாதீங்க. ஷூ போட்டுக்கோங்க, முள்ளு உண்டு, சருகுல கால் வெக்கிறப்ப பாத்து வைங்க. வெள்ளை பேண்ட் வேண்டாம், செம்மண் கறை போகாது. டிக்கெட், நேரம் ரெண்டும் மாறலாம், போறதுக்கு முன்னாடி ஒரு தடவை விசாரிச்சுக்கோங்க, ராத்திரி வரைக்கும் திறந்திருக்கிற இடம் இல்ல. பெரியவங்க யாராச்சும் கிராமத்துல வளர்ந்தவங்க வீட்ல இருந்தா அவங்களை கண்டிப்பா கூட்டிட்டு போங்க, இது என் முக்கியமான டிப். போர்டுல பேர் இருக்கும், ஆனா அந்த பழத்தை எப்படி தின்னோம், அந்த குச்சியை எதுக்கு ஒடிச்சோம், எந்த இலையை அரைச்சு எந்த புண்ணுக்கு போட்டோம்னு அவங்க கிட்ட தான் இருக்கு. அத்தை சொன்னதுல பாதியை நான் போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன்.

வெளிய வந்தா திண்டிவனம் ரோடு ஓரத்துல நுங்கும் தர்பூசணியும் குவிச்சு வெச்சிருப்பாங்க, இந்த பக்கம் விளையற பழம், பனையும் பக்கத்துலயே நிக்குது, இளநுங்கா பாத்து சீவித் தரச் சொல்லுங்க.

கைல இன்னும் அரை நாள் இருந்தா அங்க இருந்து ஈசிஆர் பிடிச்சு மரக்காணம் போற வழில கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்கு போங்க. கார்டன்ல வெச்சு வளர்க்கிற அதே மரங்க அங்க யாரும் வைக்காம தானா வளர்ந்து, கொடி சுத்தி, வயசாகி நிக்குது, கோயிலை சுத்தி இருக்கிற அந்த காட்டை பாத்தா இருபத்தஞ்சு வருஷத்துல இவங்க எதை நோக்கி போயிட்டு இருக்காங்கன்னு புரியும். முதல்ல கார்டன், அப்புறம் கோயில் காடு, இந்த வரிசைல தான் போகணும், ஏன்னா கார்டன்ல போர்டு பாத்து கத்துக்கிட்ட இலையை காட்டுல நாமளே அடையாளம் கண்டுபிடிக்கலாம். அங்க ஒரு குச்சி கூட ஒடிக்க மாட்டாங்க, நாமளும் ஒடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் கவர்ல பூஜை சாமான் வாங்கிட்டு போனா கவரை திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க.